பீப்பாயைத் திரும்பக் கேட்டு

கூட்டம் சமையல் கொட்டகையில் நடந்தது. பள்ளிக்கூட அதிபர் நவரட்ணராஜா பின்வாசலோரம் கைக்கதிரையில் இருந்தார். விஞ்ஞான ஆசிரியை பத்மாதேவி டீச்சர் அவருக்கு எதிரே வாங்கில் இருந்தார், பக்கத்தில் எங்கள் விவசாயக் கழக மாணவி கமலாசனி. கழகத்துப் பையன்களில் அழகர் மிஞ்சிய செங்கல் அடுக்கின்மேலும், அஸீம் விறகுக் குவியலின்மேலும் இருந்தார்கள். கழகச் செயலாளர் என்ற முறையில் நான் அடுப்புத் திட்டில் தாளை வைத்துக்கொண்டு நின்றேன்.

கொட்டகைக்குப் பின்னால் எங்கள் குழி இருந்தது. சிறு வகுப்புகளுக்குக் கஞ்சி காய்ச்சப் பிள்ளைகள் வீட்டிலிருந்து விறகு சுமந்துவருவதை நிறுத்தத்தான் அதை வெட்டினோம். சாணத்தையும் சமையல் கழிவையும் கரைத்து ஊற்றி, மேலே ஒரு தகரப் பீப்பாயைக் கவிழ்த்திருந்தோம். உள்ளே சேரும் வாயு குழாய் வழியாக அடுப்புக்கு வரவேண்டும். போன கிழமை வாயு சேர்ந்து பீப்பாய் நாலு விரற்கடை மேலெழும்பியபோது அழகர் அதைச் சுற்றி ஆடினான்.

செவ்வாய்க்கிழமை பொலிசார் வந்தார்கள். தமிழ்ப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குள் எதையோ புதைக்கிறார்கள் என்று யாரோ மொட்டைக் கடிதம் போட்டிருந்தார்கள். கம்பு விட்டுக் குழியைக் கலக்கிப் பார்த்தார்கள், ஒன்றும் அகப்படவில்லை. ஆனாலும் பீப்பாயைக் கழற்றி ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அன்றிலிருந்து மழை குழிக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. இன்னும் சில நாள் போனால் கரைசல் பழுதாகி, முதலிலிருந்து தொடங்க வேண்டிவரும்.

குழியை மூடிவிடலாம் என்றார் அதிபர். வேறு பீப்பாய் தரத் தன் வாப்பா சம்மதிப்பார் என்றான் அஸீம். வேறு பீப்பாய் வைத்தால் வேறு கடிதம் போகும் என்றார் டீச்சர்.

"அதுல ஒன்றரை வாரம் சாணித்தண்ணி ஊறியிருக்கு சேர்," என்றான் அழகர். "ஸ்டேசன்ல இப்ப யாரும் மூக்கப் பொத்தாம சோறு திங்க மாட்டாங்க. கேட்டா குடுத்துருவாங்க."

அதிபருக்கே சிரிப்பு வந்தது. அப்படியானால் இன்ஸ்பெக்டருக்கு எழுதிக் கேட்போம், குழி எதற்கு என்று விளக்குவோம், வந்து எங்கள் அடுப்பில் தேநீர் குடிக்கச் சொல்லுவோம் என்றாள் கமலாசனி. தமிழில் நான் எழுத, சிங்களத்தில் அஸீம் எழுதுவதாக முடிவாகி, அங்கேயே இரண்டையும் எழுதி முடித்தோம். கீழே எல்லாரும் பெயரும் விலாசமும் எழுதிக் கையெழுத்து வைக்கவேண்டும் என்று அவள் சொன்னதும் அதிபரின் சிரிப்பு நின்றது.

"பேரும் விலாசமும் எழுதிக் குடுக்கிறது விளையாட்டே? எண்பத்துமூண்டு கலவரத்தில எங்கட ஆக்களின்ர பேர்ப் பட்டியலை வைச்சுக்கொண்டுதான் வீடு வீடா வந்தவங்கள். என்ர வீட்டுக்கும் வந்தவங்கள்."

கமலாசனி எழுந்து நின்றாள்.

"மொட்டைக் கடிதம் எழுதின ஆள் பேர் போடேல்லை, சேர். நாங்களும் போடாட்டி ரெண்டு கடிதமும் ஒண்டுதானே?"

அதிபர் வாசலுக்கு வெளியே, திறந்து கிடந்த குழியைப் பார்த்துக்கொண்டிருந்தார். மழை கொஞ்சம் விட்டிருந்தது. பிறகு என்னிடம் கையை நீட்டினார். கடிதங்களையும் பேனையையும் கொடுத்தேன்.

"முதல் பேர் என்ர," என்றார். "பிள்ளையளின்ர பேர் கீழ வரட்டும். வீட்டு விலாசம் ஒண்டும் வேண்டாம். எல்லாருக்கும் பள்ளிக்கூட விலாசத்தைப் போடு. கேக்கிறதெண்டா இஞ்ச வந்து என்னைக் கேக்கட்டும்."

அவர் எழுதிய பெயர் பெரிதாக, புள்ளிகூட விடாமல் தெளிவாக இருந்தது. அடுத்தது டீச்சர், பிறகு நாங்கள் நால்வரும். அழகர் தன் பெயருக்குப் பக்கத்தில், பீப்பாயை வெயிலில் வைக்கவேண்டாம், நாற்றம் கூடும் என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னான். அதிபர் தலையசைத்ததால் இரண்டு மொழியிலும் சேர்த்தோம்.

கஞ்சிப் பானையின் அடியில் மிஞ்சியிருந்ததைத் தொட்டு உறையை ஒட்டினேன். அதிபர் ஒட்டிய இடத்தின் குறுக்கே பாடசாலை முத்திரையைக் குத்தினார். அஸீம் அதைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு, பதிவுத் தபாலில் சேர்க்கத் தபாற்கந்தோருக்கு நடந்தான்.