வீட்டைத் தொடும் மண்

புதிய வரைபடத்தில் என் வீடு நீலத்துக்குள் இருந்தது.

நகர மன்றக் கூடத்தில் நீள மேசை ஒன்றின் மேல் அதை விரித்து வைத்திருந்தார்கள். ஊரே வந்திருந்தது. ஒருவர் தோளுக்கு மேல் இன்னொருவர் எட்டிப் பார்த்து, தங்கள் கூரையைத் தேடிக் கண்டுபிடித்து, மூச்சை விட்டுவிட்டோ அடக்கிக்கொண்டோ விலகினார்கள். ஹார்ன் ஆறு பெருகினால் தண்ணீர் எதுவரை ஏறும் என்று கணக்கிட்டுப் பூசிய நீலம் அது. எங்கள் தெருவின் ஆற்றோர வரிசை முழுவதும் அதில் நனைந்திருந்தது. நான் விலகி வந்து, வாசலில் வைத்திருந்த காப்பியை எடுத்துக் குடித்தேன். பக்கத்தில் நின்றவர் எப்படி இருக்கிறாய் என்று கேட்டார். குறையொன்றுமில்லை என்றேன். விஸ்கான்சினில் வீடு பற்றி எரியும்போது கேட்டாலும் நாங்கள் அப்படித்தான் சொல்வோம்.

அடுத்த வாரமே வங்கியிலிருந்து கடிதம் வந்தது. வீடு வெள்ள அபாயப் பகுதிக்குள் வந்துவிட்டதால், கடன் தீரும்வரை வெள்ளக் காப்பீடு கட்டாயம் என்றது. அந்தக் கடனே முன்னாள் கணவன் வெண்டலுக்காக வாங்கியதுதான். விவாகரத்தின்போது வீட்டில் பாதி அவனுடையது என்றானது. அந்தப் பாதியை நான் வாங்கிக்கொண்டேன். பள்ளிச் சமையலறையில் எனக்குக் கிடைக்கும் சம்பளம் கடனைத் தாங்கும். கடனையும் காப்பீட்டையும் சேர்த்துத் தாங்காது. விற்றுவிடலாம், ஆனால் நீலத்துக்குள் கிடக்கும் வீட்டை யார் நல்ல விலைக்கு வாங்குவார்கள்? கடனை அடைத்தபின் எனக்கு மிஞ்சுவது நெடுஞ்சாலைப் பக்கம் ஓர் அறை வாடகைக்கு எடுக்கப் போதுமானதாக இருக்கும், அவ்வளவுதான்.

அந்த நிறம் ஏன் என்னை அவ்வளவு வருத்தியது என்று பல நாள் யோசித்தேன். பணம் ஒரு காரணம். அதற்கும் அடியில் வேறொன்று இருந்தது. என்னைப் பற்றி மற்றவர்கள் வரைந்ததையெல்லாம் நான் அப்படியே நம்பி வாழ்ந்திருக்கிறேன். ஆர்டிஸ் தொல்லை தராத பிள்ளை என்றாள் அம்மா. நான் தொல்லை தரவில்லை. ஆர்டிஸுக்கு எது கொடுத்தாலும் போதும் என்றான் வெண்டல். நானும் போதும் என்றே இருந்தேன். இப்போது எங்கோ ஓர் அலுவலகத்தில், என்னைப் பார்த்தே இராத ஒருவர், என் வீடு மூழ்கக்கூடியது என்று வரைந்திருக்கிறார். இதையும் நம்பிவிடுவேன் என்று எனக்குப் பயமாக இருந்தது.

ஆனால் இது உண்மையல்ல என்று எனக்குத் தெரியும். பெருவெள்ளம் வந்த ஆண்டு நான் இந்த வீட்டில்தான் இருந்தேன். தண்ணீர் பின்புறச் சரிவில் ஏறி வந்து, சமையலறைக்குப் பின்னால் நீளும் மரத்தளத்தின் கீழ்ப்படியருகே ஒரு பகல் முழுக்க நின்று, திரும்பிப் போனது. வீட்டுச் சுவரை அது தொடவே இல்லை.

வரைபடத்தை மாற்றச் சொல்லிக் கேட்கலாம் என்று சொன்னவள் லவோன். வெண்டலின் தங்கை. விவாகரத்தில் அவனைக் கொடுத்துவிட்டு இவளை நான் வைத்துக்கொண்டேன் என்று அவளே எல்லோரிடமும் சொல்வாள். தெருவை மொத்தமாகப் பார்த்து வரைவதால் மேட்டில் இருக்கும் ஒன்றிரண்டு வீடுகளும் உள்ளே மாட்டிக்கொள்ளும். வீட்டைத் தொடும் மண் வெள்ள மட்டத்துக்கு மேலே இருக்கிறது என்று அளந்து காட்டினால் அந்த வீட்டை மட்டும் வெளியே எடுத்துவிடுவார்கள் என்று விசாரித்து வந்திருந்தாள்.

அளக்க வந்த சர்வேயர் மாரிட் ஸ்கார் என்ற இளம்பெண். முக்காலியை நட்டு, கருவியைப் பொருத்தி, வீட்டை ஒரு சுற்றுச் சுற்றினாள். முன்வாசலில் தலையசைத்தாள். இரு பக்கங்களிலும் தலையசைத்தாள். பிறகு பின்புறச் சரிவில் இறங்கி மரத்தளத்தைத் தாங்கும் கடைசிக் காலின் அடியில் அளவுகோலை நிறுத்தினாள். அங்கே அவள் தலையசைக்கவில்லை.

அந்தத் தளத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். சமையலறைக் கதவைத் திறந்தால் அதில்தான் கால் வைப்போம். வெண்டல் கட்டியது. சுவரோடு சேர்த்து ஒரு நீளப் பலகையைத் திருகி, அதிலிருந்து சரிவின் மேலாக நீட்டி, மறுமுனையைக் கால்கள் மேல் நிறுத்தியிருந்தான். படிகள் ஆற்றை நோக்கி இறங்கும். ஜூலை நான்காம் தேதி சுதந்திர தின வாணவேடிக்கை பார்க்க ஊரில் அதைவிட நல்ல இடமில்லை. அவன் போன பிறகும் ஆட்கள் அதை வெண்டலின் டெக் என்றுதான் சொன்னார்கள். என் வீட்டில், என் கடனில், வெண்டலின் டெக்.

"இது வீட்டோட ஒட்டியிருக்கு" என்றாள் மாரிட். "எது ஒட்டியிருக்கோ அதுவும் வீடுதான்னு எடுத்துப்பாங்க. அப்ப வீட்டத் தொடற மண்ணுல ரொம்பத் தாழ்வானது இந்தக் கால் நிக்கிற இடம். வெள்ள மட்டத்துக்கு ஒரு சாண் கீழ."

"வீட்டுச் சுவர்கிட்ட?"

"சுவர்கிட்ட நல்ல மேடு. ஆனா கணக்கு அங்க முடியலயே."

விண்ணப்பத்தை வரைபட அலுவலகத்துக்கு அனுப்பினாலும் மறுத்துவிடுவார்கள் என்று எச்சரித்தாள். நான் அனுப்பினேன். பெருவெள்ளத்தன்று எடுத்த படத்தையும் சேர்த்து வைத்தேன். பதில் மரியாதையாக வந்தது. கட்டடத்தை அபாயப் பகுதியிலிருந்து நீக்க இயலவில்லை என்றிருந்தது.

கடிதத்தை மடித்து ரொட்டிப் பெட்டிக்குள் வைத்துவிட்டேன். கேட்டாயிற்று, இல்லை என்றுவிட்டார்கள், அவ்வளவுதான் என்று ஒரு பழைய நிம்மதி எனக்குள் வந்து உட்கார்ந்தது. தோற்பதில் அப்படி ஒரு சுகம் உண்டு. இனி யாரையும் தொந்தரவு செய்ய வேண்டாம். லவோன் வந்து பெட்டியைத் திறந்து, ரொட்டிக்குப் பதில் கடிதத்தை எடுத்துப் படித்தாள்.

"இதுக்கா மூஞ்சத் தூக்கி வெச்சிருக்க? ஒரு தடவதான வேணாம்னுருக்காங்க."

"ஒரு தடவ போதாதா?"

"ஏன்டி, என் வீட்டுல கேக்கு குடுத்தா நீ எத்தன தடவ வேணாம்பே?"

ரெண்டு தடவை என்றேன்.

"மூணாவது தடவ?"

மூன்றாவது தடவை சாப்பிடுவேன். இங்கே எல்லோரும் அப்படித்தான். முதல் முறையே வாங்கிக்கொள்பவள் பேராசைக்காரி. மூன்றாவது முறையும் மறுப்பவள் திமிர் பிடித்தவள். அரசாங்கம் கேக் சாப்பிடும் வழக்கத்தை யாரிடம் கற்றது என்று கேட்டுச் சிரித்தேன். ஆனால் அவள் போன பிறகு அந்தக் கடிதத்தை வேறு கண்ணோடு படித்தேன். அது என்னை மறுக்கவில்லை. ஒட்டியிருப்பதை மட்டுமே மறுத்திருந்தது.

அடுத்த சனிக்கிழமை மின்ரம்பம் வாங்கினேன். கடையில் பணம் கொடுத்துவிட்டு நான் வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் செய்தி வெண்டலுக்குப் போய்விட்டது. தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு தளத்தின் மேல் வந்து நின்றான். பிரிந்த இந்த நாலு வருடத்தில் அவன் அங்கே கால் வைத்தது அன்றுதான்.

"என் டெக்க அறுக்கப் போறியாமே."

"ஆமா."

"கட்டுனதுலேருந்து ஒரு ஆணி ஆடல, தெரியுமா?"

"அதான் தொல்ல. ஆடியிருந்தா எப்பவோ விழுந்திருக்கும். நானும் வெள்ளத்துலேருந்து வெளிய வந்திருப்பேன்."

அவன் குனிந்து அடியில் பார்த்தான். பிறகு முழங்காலிட்டுப் பார்த்தான். வெண்டலுக்குக் கோபம் வந்தால் காது சிவக்கும். வேலை ஒன்று பிடிபட்டால் உதடு முன்னால் வரும். காது சிவந்திருந்தது. கொஞ்ச நேரத்தில் உதடும் முன்னால் வந்தது.

"இடிக்க வேணாம்" என்றான் கீழேயிருந்தே. "சுவத்துப் பக்கமும் கால் குடுத்துட்டா இது தனியா நிக்கும். அப்பறம் சுவத்துலேருந்து கழட்டி விட்டுரலாம். வீட்டுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல."

எனக்கு ஏமாற்றமாக இருந்தது. அந்த ஏமாற்றம் என்னையே திடுக்கிட வைத்தது. ரம்பம் வாங்கிய நிமிடத்திலிருந்து என் மனதில் ஒரு காட்சி ஓடிக்கொண்டிருந்திருக்கிறது: அவன் கட்டியது பலகை பலகையாகச் சரிவில் கிடக்க, நான் அதற்குத் தீ வைக்கிறேன். வீட்டைக் காப்பாற்றத்தான் அறுக்கிறேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். அது பாதிதான் உண்மை. இப்போது அவனே ஒரு வழியைக் காட்டி, என்னிடமிருந்து அந்தத் தீயைப் பிடுங்கிக்கொண்டான். எனக்கு வேண்டியது வீடா, அவன் முகம் வாடுவதா? இரண்டையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்க எனக்குச் சிறிது நேரம் பிடித்தது. கீழே அவன் ஏதோ அளந்து முணுமுணுத்துக்கொண்டிருந்தான். வீடுதான் வேண்டும் என்று தெரிந்தது. தெரிந்ததும் உடம்பு லேசானது.

"சரி" என்றேன். "கால் நீ போடு. கழட்டறது நான்."

நகர மன்றத்தில் அனுமதி வாங்கினோம். வெண்டல் சுவரோரம் குழி தோண்டிக் கான்கிரீட் ஊற்றினான். அது இறுகிய பிறகு தடித்த மரக்கால்களை நிறுத்தி, தளத்தின் பாரத்தை அவற்றின் மேல் ஏற்றினான். லவோன் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து இருவரையும் மேற்பார்வை பார்த்தாள். திருமணமாகியிருந்த காலத்தில் நாங்கள் இவ்வளவு ஒற்றுமையாக வேலை செய்து பார்த்ததே இல்லை என்றாள். அப்போது எங்களுக்கு இப்படி ஒரு நல்ல வேலை கிடைக்கவில்லை என்றான் வெண்டல். மூவருக்கும் சிரிப்பு வந்தது.

பிறகு ஸ்பேனரை என்னிடம் நீட்டினான். சுவரில் முடுக்கியிருந்த போல்ட்டுகள் துருவேறிக் கிடந்தன. ஒவ்வொன்றுக்கும் முழு உடம்பையும் கொடுக்க வேண்டியிருந்தது. அவன் இரண்டு முறை கை நீட்டினான்; இரண்டு முறையும் அவனே இழுத்துக்கொண்டான். கடைசி போல்ட் அசையவே இல்லை. ரம்பத்தில் இரும்பறுக்கும் தகட்டை மாட்டி போல்ட்டையே அறுத்தேன். பொறி பறந்து என் சட்டைக் கையில் விழுந்தது. போல்ட் விட்டதும் தளம் ஒருமுறை நடுங்கியது. ஆழ்ந்த தூக்கத்தில் புரண்டு படுப்பவர் போல ஒரு சத்தம் கேட்டது. அப்புறம் அசைவில்லை. அது தன் கால்களில் நின்றது.

வெண்டல் மேலே ஏறி நடுவில் நின்று எம்பி எம்பிக் குதித்தான்.

"போதும்டா, வயசப் பாரு" என்றாள் லவோன்.

நான் சமையலறைக் கதவருகே நின்று கீழே பார்த்தேன். சுவருக்கும் தளத்துக்கும் நடுவே ஒரு கை நுழையும் இடைவெளி. அதன் வழியாக மண் தெரிந்தது. வெண்டல் இந்தத் தளத்தைக் கட்டியதற்குப் பிறகு வெளிச்சமே பார்க்காத மண், காய்ந்திருந்தது, வெளிறியிருந்தது. குனிந்து கையை உள்ளே விட்டு அதைத் தொட்டேன். எதற்காக என்று தெரியவில்லை. என் வீடு எங்கே முடிகிறது என்பதை அதுவரை நான் பார்த்ததில்லை.

மாரிட் மறுபடியும் வந்தாள். ஒரு ஆணிகூட ஒட்டிக்கொண்டிருக்கவில்லை என்று சுவர் நெடுகப் பார்த்து, படம் எடுத்துக்கொண்டாள். இந்த முறை கடைசிக் காலின் அடிக்கு இறங்கிப் போகவேண்டிய அவசியமே இருக்கவில்லை. சுவரோர மண்ணில் மிகத் தாழ்ந்த இடத்தை அளந்துவிட்டு நிமிர்ந்தாள்.

"ஆர்டிஸ், பேப்பர்ல நீங்க இப்ப மல மேல இருக்கீங்க."

இரண்டாம் முறை அனுப்பினேன். கோடை முழுவதும் காத்திருந்தேன். அந்தக் காத்திருப்பு முதல் தடவை போல இல்லை. முதலில் கெஞ்சிவிட்டுக் காத்திருந்தேன். இப்போது எனக்கு வரவேண்டியதற்காகக் காத்திருந்தேன்.

மேப்பிள் இலைகள் சிவக்கத் தொடங்கிய நாளில் கடிதம் வந்தது. தெருவிலேயே நின்று பிரித்தேன். கட்டடம் வெள்ள அபாயப் பகுதியிலிருந்து நீக்கப்பட்டது என்று ஒரே வரி. அதைப் படித்துவிட்டு, என் வயதுக்கும் தெருவுக்கும் பொருந்தாத ஒரு காரியம் செய்தேன்: ஓடினேன். காருக்குத்தான் ஓடினேன், ஆனாலும் ஓட்டம்தான். வங்கி மேலாளர் இருமுறை படித்தார். வங்கி நினைத்தால் இப்போதும் காப்பீடு கேட்கலாம். ஆனால் கேட்காது, கட்டாயம் இனி இல்லை என்றார். சரி என்று எழுந்துவிட்டேன். கதவுவரை போய்த் திரும்பி வந்து, அதை எழுத்தில் கொடுங்கள் என்றேன். அவர் கொஞ்சம் வியப்போடு என்னைப் பார்த்துவிட்டு எழுதிக் கையெழுத்திட்டார். வீட்டை விற்கவேண்டாம். இது என் வீடு.

அன்று வெள்ளிக்கிழமை. ஊரே மதுக்கூடத்தில் மீன் வறுவலுக்குக் கூடும் இரவு. லவோன் பிராந்திக் கோப்பையை உயர்த்திக் கடிதத்தை இரண்டு மேசைகளுக்குக் கேட்கும்படி படித்துக் காட்டினாள். ஆற்றோர வரிசையிலிருந்து இருவர் எழுந்து வந்து, மாரிட்டின் தொலைபேசி எண்ணை என்னிடம் வாங்கிப் போனார்கள். வெண்டல் பக்கத்து மேசையில் உட்கார்ந்து, வாயில் மீனோடு, கேட்டதை மெல்ல அசைபோட்டுக்கொண்டிருந்தான்.

"இரு இரு" என்றான். "வீடு வெளிய வந்துருச்சு. அப்ப என் டெக்கு?"

"அது உள்ளதான் இருக்கு."

"என் டெக்கு மட்டும் வெள்ளத்துலயா?"

"அதுக்கு நீயே காப்பீடு எடுத்துக்க, வெண்டல்" என்றேன். "வீட்ட நான் பாத்துக்கறேன்."

என் குரல் அவ்வளவு தூரம் போகும் என்று நான் நினைக்கவில்லை. மதுக்கூடத்தின் அந்தக் கோடியில் இருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். வெண்டலும்தான், காது சிவக்கச் சிவக்க. நான் இன்னொரு தட்டு மீன் கொண்டுவரச் சொன்னேன்.