ஜனவரிக்காக வைத்த செடிகள்

எங்கள் தெரு ஜூலை மாதத்துக்காகவே உயிர் வாழ்கிறது. அந்த மாதம்தான் பூப்போட்டி நடுவர் வருவார். அவர் தலை மறைந்த பிறகு தோட்டத்தை ஒரு நாய்கூடத் திரும்பிப் பார்க்காது. முதல் உறைபனி விழுந்ததும் போட்டிக்காக வைத்த பிகோனியாப் பூச்செடிகள் வெந்த கீரை மாதிரி கறுத்துச் சாயும். பிறகு வசந்தம் வரை வெறும் சேறுதான். யார்க்‌ஷயர் குளிர்காலம் எவ்வளவு நீளம் என்று யாரும் எனக்குச் சொல்லித் தர வேண்டாம். பிறந்து வளர்ந்ததெல்லாம் இங்கே, வட இங்கிலாந்தில்தான்.

நானும் அந்தச் சேற்றைக் கண்டுகொள்ளாமல் காலம் தள்ளியவள்தான். என் கணவர் ரோலண்ட் பக்கவாதத்தில் விழுந்து, கட்டிலை முன்னறை ஜன்னலோரம் போட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது. ஆயுசு முழுக்கப் பேருந்து ஓட்டிய மனிதர். இப்போது அந்த ஜன்னலில் தெரிவதுதான் அவருக்கு ஊர், உலகம் எல்லாம். பேச்சும் போய்விட்டது. சென்ற குளிர்காலத்தில் சேற்றைப் பார்த்துச் சலித்து, ஒரு நாள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். வசந்தம் வரை அவர் முதுகோடுதான் பேசிக்கொண்டிருந்தேன். இன்னொரு குளிர்காலம் அப்படிப் போனால் ஆள் மிஞ்ச மாட்டார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

அதனால் ஏப்ரலில், இலை உதிராத செடிகளாகப் பார்த்து வைப்பது என்று முடிவு செய்தேன். எதை வைப்பது என்பதை மட்டும் அவரிடமே விட்டேன். பிடிக்காததைத் திருப்பித் தருகிறேன் என்று நர்சரிக்காரரிடம் பேசி, தொட்டிகளை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ஒவ்வொன்றாகத் தள்ளுவண்டியில் ஏற்றி ஜன்னலுக்கு எதிரே நிறுத்தினேன். பிடித்தால் இடது கை உயரும். பிடிக்காவிட்டால் கண்ணை மூடிக்கொள்வார்.

முதலில் கமேலியாவைக் காட்டினேன். நான் ஆசைப்பட்டு எடுத்தது. உடனே கண்ணை மூடிவிட்டார்.

"ஏன், இதுக்கு என்ன குறைச்சல்? மார்ச்ல எவ்வளவு அழகா பூக்கும்!"

அவர் கையை மெல்ல நகர்த்தி வானத்தைக் காட்டினார். கிழக்கு. எனக்கு அப்போதுதான் புரிந்தது. எங்கள் ஜன்னல் கிழக்குப் பார்த்தது. பனியில் உறைந்த மொட்டின் மேல் காலை வெயில் பட்டால் கருகிவிடும்.

ஊசியிலைச் செடி ஒன்றைக் காட்டினேன். அதற்கும் கண்ணை மூடினார்.

"சரிதான், கல்லறைத் தோட்டத்து மரம் மாதிரி இருக்கு. அவ்வளவு அவசரம் வேண்டாம்" என்றேன். வாயின் ஒரு பக்கம் மட்டும் சிரித்தார். நானும் வண்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.

கடைசியில் அவர் கை தூக்கியவை: இருட்டான டிசம்பரில் மஞ்சளாகப் பூக்கும் மஹோனியா, ஜனவரி முழுக்கச் சிவப்புக் காய் தாங்கும் ஸ்கிம்மியா, அது காய்க்க ஆண் ஒன்றும் பெண் ஒன்றுமாக ஜோடி, குளிர் முடியும்போது வெள்ளையாகப் பூக்கும் வைபர்னம், பூவைப் போலவே சிவந்த தளிர் விடும் பியரிஸ். ஒன்று ஓய்ந்தால் அடுத்தது தொடங்கும். ஜன்னல் ஒரு நாளும் காலியாக இருக்காது. நட்டு முடித்தபோது முதுகு ஒடிந்துவிட்டது. ஆனால் உள்ளேயிருந்து அவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

ஜூன் மாதம் மூரியல் வந்தாள். தெருவின் பூப்போட்டிக் குழுத் தலைவி. என்னைவிட நாலு வயதுகூடப் பெரியவள் இல்லை, ஆனாலும் வாய்க்கு வாய் 'கண்ணு' என்பாள்.

"என்ன கண்ணு, உன் வாசல் மட்டும் ஒரே பச்சையா அழுது வடியுது? இந்த வருஷம் தெரு முழுக்கச் சிவப்பு, வெள்ளை, நீலம்னு பேசி முடிச்சோமே."

"நான் ஜூலைக்கு வைக்கலங்க. ஜனவரிக்கு வெச்சிருக்கேன்."

"ஜனவரில யாரு வந்து பாக்கப் போறாங்க?"

"உள்ள ஒருத்தர் படுத்திருக்காருங்க. அவர் பாப்பார்."

ஜன்னலைப் பார்த்து, கைக்குழந்தைக்கு ஆட்டுவது போல விரலை ஆட்டிவிட்டுப் போனாள். அப்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஜூலை தொடக்கத்தில் ரோலண்டுக்கு நெஞ்சில் சளி கட்டி, ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். நானும் நாற்காலியிலேயே கிடந்தேன். சளி கரைந்து வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் என்னைத் தனியே அழைத்து, குளிர்காலத்தைப் பற்றி உறுதியாக எதுவும் சொல்ல முடியாது என்றார்.

ஆம்புலன்ஸ் தெருவுக்குள் திரும்பியபோது, வாசல்தோறும் நின்று எல்லாரும் கை தட்டினார்கள். என் தோட்டத்தைப் பார்த்தேன். சிவப்பு, வெள்ளை, நீலம். வரிசை வரிசையாகப் பிகோனியாவும் லொபிலியாவும். என் செடிகளில் ஒன்றுகூட இல்லை.

"நீ அங்க அல்லாடும்போது நாங்க சும்மா இருப்போமா கண்ணு? எல்லாரும் சேந்து செஞ்சது. நாளைக்கு நடுவர் வர்றாரு" என்றாள் மூரியல்.

"என் செடியெல்லாம் எங்கங்க?"

"அதுவா? நகராட்சிக் குப்பை வண்டில ஏத்தியாச்சு. இந்நேரம் அரைச்சு உரமாக்கியிருப்பாங்க."

எல்லா முகமும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ரொம்ப நன்றி. அழகா இருக்கு" என்றேன். எங்கள் ஊர் வளர்ப்பு அப்படி. வயிறு எரிந்தாலும் வாய் நன்றி சொல்லிவிடும். அந்த நாக்கை அறுத்து எறியலாம் போல இருந்தது.

ரோலண்டைக் கட்டிலில் கிடத்தினார்கள். ஜன்னல் வழியே நெடுநேரம் பார்த்தார். வரிசையின் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை தேடினார். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். வெளியே ஜூலை வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை நர்சரிக்குத் தொலைபேசி செய்தேன். இந்த வறண்ட மாதத்தில் வைத்தால் பிழைக்காது, அக்டோபர் மழை வரட்டும் என்றார்கள். அக்டோபரில் வைத்து அது எப்போது வேர் பிடிப்பது, எப்போது பூப்பது? தொலைபேசியை வைத்துவிட்டு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன். பிகோனியாக்களை ஒவ்வொன்றாகப் பெயர்த்துத் தள்ளுவண்டியில் போட்டேன். வண்டி நிறைந்ததும் எதிர்ச்சாரிக்குத் தள்ளிப்போய், மூரியல் வீட்டு வெள்ளைக் கூழாங்கல் வாசலில் கவிழ்த்தேன். திரும்பி வந்து இன்னொரு வண்டி ஏற்றினேன்.

இரண்டாவதைக் கவிழ்க்கும்போது தெருமுனையிலிருந்து அவளும் நடுவரும் வந்துகொண்டிருந்தார்கள். அவள் ஓடிவந்தாள்.

"ஐயோ, உனக்குப் பைத்தியமா கண்ணு? நல்லது செஞ்சதுக்கு இதுவா பலன்?"

"யாருக்குடி நல்லது?" இத்தனை வருடத்தில் முதல் முறையாக அவளை அப்படிக் கூப்பிட்டேன். "என் புருஷன் ஒண்ணொண்ணா பாத்துப் பாத்து எடுத்த செடி. இந்தக் குளிர்காலத்துல கண்ணைத் திறந்தா எதிர்ல ஏதாவது இருக்கணும்னு வெச்சது. நீ அரைக்கக் குடுத்துட்ட. அடுத்த குளிர்காலத்துக்கு வெச்சுக்கலாம்னு சொல்லுவ. அது வரைக்கும் அவர் இருப்பாரா? நீ சொல்லு. நடுவர்கிட்ட கேட்டுச் சொல்லு."

நடுவர் தன் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். மூரியலின் முகம் வெளிறியது. "மன்னிச்சிடு லோர்னா. எனக்குத் தெரியாது" என்றாள்.

இதற்கு எங்கள் ஊரில் பதில் ஒன்றுதான். யாராவது காலை மிதித்தாலும், நம் மேல் கொதிக்கும் தேநீரைக் கொட்டினாலும், யோசிக்காமல் 'பரவாயில்லை' என்போம். தெருவே அந்த ஒரு சொல்லுக்காகக் காத்து நின்றது.

நான் சொல்லவில்லை. வண்டியைத் திருப்பிக்கொண்டு, மிச்சம் இருந்த வரிசையைப் பெயர்க்கப் போனேன்.