அண்ணன் தாமதமாக வந்த காரணம்

...அப்புறம் அந்தச் சிரிப்பு, யாருடைய சிரிப்பு அது, எந்த ஊரில் எந்த அறையில் சிரிக்கவைத்து டப்பாவில் அடைத்துக் கொண்டுவந்தார்களோ, ஒருவன் சோபாவில் உட்கார்ந்தால் சிரிக்கிறது, எழுந்தால் சிரிக்கிறது, காபி கேட்டால் விழுந்து விழுந்து சிரிக்கிறது, நான் ஆறு வருஷம் எழுதிய நாவலில் யாரும் காபி கேட்டதாகவே நினைவில்லை, கேட்டிருந்தாலும் அதில் சிரிக்க என்ன இருக்கிறது... பூசைக்குப் போய்வந்த சட்டையைக்கூட மாற்றாமல் மூன்று பேர் டிவி முன்னால் உட்கார்ந்திருக்கிறோம், நான், என் மனைவி பிலோமினா, பிறகு எட்டு வருஷமாக இந்தக் காக்ஸ் டவுன் வீட்டுப் படியை மிதிக்காத என் அண்ணன் ரெமிஜியஸ். மூன்று தெரு தள்ளித்தான் இருக்கிறான், ஆனால் எட்டு வருஷம். ஞாயிற்றுக்கிழமை பூசையில் சாமியார் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லிக்கொள்ளுங்கள் என்பாரே, அப்போது கை கொடுக்க வேண்டி வந்துவிடுமோ என்று எனக்கு ஆறு பெஞ்சு தள்ளி உட்காருகிறவன், இன்றைக்குப் பூசை முடிந்து நேராக வந்து கதவைத் தட்டி, "எங்க டிவில பிக்சர் ட்யூப் போயிட்ச்சு, பதினோரு மணிக்கு அந்தப் புரோகிராம், பாக்கலாமா" என்று பிலோமினாவிடம் கேட்கிறான், என்னிடம் இல்லை. பிக்சர் ட்யூப் போயிருக்காது. லேத் மிஷினையே கழற்றி மாட்டுகிற மனிதன் வீட்டில் பிக்சர் ட்யூப் போகுமா?

அந்தப் புரோகிராம்தான் இது. 'ஐயோ எங்கண்ணா'. வாரம் ஒரு அரை மணி நேரம், குடும்பத்தோடு பார்க்கலாம் என்று விளம்பரத்திலேயே மிரட்டுகிறார்கள். என் நாவலைத்தான் இப்படிச் செய்திருக்கிறார்கள். சென்னையிலிருந்து டைரக்டர் போனில் பேசினார், "சார், நாவல் பிரமாதம், கிறிஸ்டியன் ஃபேமிலின்னா மட்டும் ஆடியன்ஸுக்குக் கொஞ்சம் தள்ளி இருக்கும் சார்" என்றார், பெங்களூரும் தள்ளி இருக்குமாம், பீன்யா தொழிற்பேட்டை ரொம்பத் தள்ளி இருக்குமாம், எல்லாவற்றையும் தள்ளிய பிறகு மிச்சம் இருந்தது மயிலாப்பூரில் ஒரு கூடம், ஊஞ்சல், நெற்றி நிறையத் திருநீறோடு ஒரு அண்ணன். கிறிஸ்துமஸ் பன்றிக்கறி உளுந்து வடை ஆகிவிட்டது. எனக்குக் கோபம் வந்ததா? வந்தது, மிகவும் கண்ணியமான கோபம், கையெழுத்துப் போட்டு ஒப்பந்தத்தைத் திருப்பி அனுப்பிய பிறகு வந்தது. டைட்டிலில் என் பெயர் போட்டார்களா என்று முதல் வாரம் தேடினேன், போட்டிருந்தார்கள், சிகை அலங்காரத்துக்கு அடுத்து, கண்ணிமைத்தால் போய்விடும், நான் இமைக்கவில்லை.

அவன் சிரிக்கிறான். ரெமிஜியஸ் சிரிக்கிறான். டிவி அண்ணன் இட்லியை இன்ச் டேப்பால் அளக்கிறான், இவன் தொடையில் தட்டிச் சிரிக்கிறான், "டேய் ஓசு, அது நான்தானேடா" என்கிறான், எட்டு வருஷத்தில் என்னிடம் பேசிய முதல் வாக்கியம், அதுவும் டப்பாச் சிரிப்பின் மேல் ஏறி வருகிறது. ஆமாம் அண்ணே, நீதான். ஆனால் இட்லி இருக்கட்டும், இட்லியால் யாரும் பேச்சை நிறுத்தவில்லை. இன்றைக்குக் கல்யாணம். போன வாரமே 'அடுத்த வாரம் தம்பிக்கு டும் டும்' என்று போட்டுவிட்டார்கள். என் நாவலின் எட்டாம் அத்தியாயம். பீன்யா ஃபாக்டரியில் அண்ணனோடு வேலை பார்த்த அப்பாதுரை, தமிழ் நன்றாகப் படிக்கத் தெரிந்த ஒரே குற்றவாளி, அதைத்தான் கேன்டீனில் நின்று உரக்கப் படித்தான், அண்ணனுக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வரும், இங்கே கன்னட மீடியத்தில் படித்தவன், ஆகவே என் நாவலை அவன் படிக்கவில்லை, கேட்டான், நாற்பது பேர் சாப்பாட்டுத் தட்டோடு சிரிக்கும்போது கேட்டான். அதற்குப் பிறகு ரிட்டயர் ஆகும்வரை அவனுக்கு அங்கே 'ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் மாப்பிள்ளைத் தோழன்' என்று பெயர். இப்போது அதே காட்சியைப் படமாகக் காட்டப்போகிறார்கள், சிரிப்புச் சேர்த்து. பார்த்துவிட்டு எழுந்து போனான் என்றால் அவ்வளவுதான், இனி என் சவப்பெட்டிக்குக்கூட ஆறு பெஞ்சு தள்ளித்தான் உட்காருவான்... எழுந்து போய் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டால் என்ன? பெங்களூரில் கரண்ட் போவது நம்பக்கூடியதுதானே?

"என்னாங்க நெளிஞ்சிகினு இருக்கீங்க, சும்மா குந்துங்க" என்கிறாள் பிலோமினா. அவளுக்குத் தெரியும்.

வந்துவிட்டது, கல்யாண மண்டபம், நாதஸ்வரம், ஐயர் வாட்ச்சைப் பார்க்கிறார், அண்ணனைக் காணோம். என் அத்தியாயத்தில் மாதா கோயில், பாடகர் குழு ஒரே பாட்டை மூன்றாம் முறை பாடுகிறது, அப்போது பக்கவாட்டுக் கதவு வழியாக, கம்பெனியின் நீல யூனிஃபார்மில், முழங்கைவரை எண்ணெயோடு அண்ணன் வருகிறான், தம்பி கல்யாணத்தன்றும் ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் போனவன், சைரன் ஊதாமல் கடவுளுக்கு முன்னால்கூட நிற்கத் தெரியாதவன்... எழுதும்போது நானே சிரித்தேன், தனியாக, பேனாவை வைத்துவிட்டு. இதோ இங்கேயும் வருகிறான், அதே எண்ணெய், டப்பா சிரிக்கிறது, நான் பக்கவாட்டில் பார்க்கிறேன், ரெமிஜியஸ் சிரிக்கவில்லை, முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்... உடனே, ஐயோ, வயலின். எங்கிருந்து வந்தது வயலின்? டிவி அண்ணன் யூனிஃபார்ம் பையிலிருந்து தாலிச் சங்கிலியை எடுக்கிறான், காலையில் கொக்கி உடைந்ததாம், கடை திறக்கவில்லையாம், ஃபாக்டரிக்கு ஓடித் தானே பற்றவைத்து எடுத்து வந்தானாம், "என் தம்பி கல்யாணம் ஒரு நிமிஷம் நின்னாலும் என் மூச்சு நின்ன மாதிரி" என்கிறான், மண்டபமே கண்ணைத் துடைக்கிறது. குப்பை. சுத்தமான, சர்க்கரைப் பாகில் தோய்த்த குப்பை. வாரம் ஒரு அழுகை வேண்டும் என்று எவனோ வடபழனியில் டீ குடித்துக்கொண்டே எழுதியது, என் நாவலில் இப்படி ஒரு வரி இல்லை, இருக்கவும் இருக்காது, நான் அப்படிப்பட்ட எழுத்தாளன் இல்லை...

ஆனால் அப்படித்தான் நடந்தது. சங்கிலி இல்லை, மோதிரம். என் மோதிரம். கல்யாணத்தன்று காலை ஐந்தரைக்குப் போட்டுப் பார்க்கிறேன், விரல் முட்டியைத் தாண்டவில்லை, ஆசாரிக்கு நூல் சுற்றி அளவு கொடுத்த மேதாவி நான்தான், நூலை இறுக்கிப் பிடித்திருக்கிறேன். அழுதேனா? கிட்டத்தட்ட. அண்ணன் அதை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிப் பீன்யா போனான், யூனிஃபார்ம் இல்லாமல் கேட்டில் விடமாட்டார்கள் என்று யூனிஃபார்மில், கூம்பான இரும்புக் கம்பியில் மோதிரத்தை ஏற்றித் தட்டித் தட்டிப் பெரிதாக்கி, இரண்டு பஸ் மாறித் திரும்பி வந்தான். இருபது நிமிஷம் தாமதம். மோதிரம் விரலில் வழுக்கிக்கொண்டு ஏறியது. அதை நான் எழுதவில்லை, ஏன் எழுதவில்லை, எழுதினேன், பிறகு அடித்தேன், காரணம் சொன்னால் சிரிப்புப் போய்விடும் என்று அடித்தேன். வடபழனிக்காரனுக்கு இது யார் சொன்னது? யாரும் சொல்லவில்லை. அவனுக்கு ரெமிஜியஸைத் தெரியாது. ஒரு அண்ணன் தாமதமாக வந்தால் காரணம் இருக்கும் என்று சும்மா நினைத்திருக்கிறான், அவ்வளவுதான்... ஒரே தட்டில் சாப்பிட்டவன் நான்.

விளம்பரம். ரெமிஜியஸ் மூக்கைச் சிந்துகிறான், பெரிய சத்தம், வெள்ளைக் கைக்குட்டை. "மோதிரத்த சங்கிலி ஆக்கிட்டாங்க" என்கிறான், "பரவால்ல. நீ எழுதினத அப்படியேவா போடுவாங்க." கொஞ்ச நேரம் சோப்பு விளம்பரத்தைப் பார்க்கிறான். "அந்த அப்பாதுரை திருட்டுப்பய பாரு, அதை மட்டும் வுட்டுட்டுப் படிச்சிருக்கான்டா. சிரிக்கிற பாகத்த மட்டும் படிச்சிட்டு, காரணத்த முழுங்கிட்டான். எட்டு வருசம் நானும் உன்னைப் போயி..." என்று நிறுத்துகிறான். நான் என்ன சொல்ல வேண்டும்? இல்லை அண்ணே, அப்பாதுரை நல்லவன், ஒரு எழுத்து விடாமல் படித்தான், முழுங்கியது நான். வாய் வரை வருகிறது. "அவன் எப்பவுமே அப்படித்தானே" என்கிறேன்.

பிலோமினா என்னைப் பார்த்த பார்வை, சொல்ல வேண்டாம்.

"மா பிலோமி, அந்தப் பொஸ்தகம் ஒண்ணு இருக்குதா?" ஒன்றா, கட்டிலுக்கு அடியில் இரண்டு கட்டு இருக்கிறது. அவள் எழுந்து போய் எடுத்துவந்து, அவனிடம் இல்லை, என்னிடம் கொடுக்கிறாள். "நீயே படிச்சிக் காட்டுடா, அந்தக் கல்யாணப் பாகத்த மட்டும். நான் எழுத்துக்கூட்டினா சாயங்காலம் ஆயிடும்." எட்டாம் அத்தியாயத்தைப் பிரிக்கிறேன், தொண்டையைச் செருமுகிறேன், படிக்கிறேன், 'அண்ணன் யூனிஃபார்ம் பைக்குள் கையை விட்டு மோதிரத்தை எடுத்தான்' என்று படிக்கிறேன், தாளில் அப்படி ஒன்றும் இல்லை, வாயிலிருந்து வருகிறது, நிற்காமல் வருகிறது, 'என் தம்பி கல்யாணம் ஒரு நிமிஷம் நின்றாலும் என் மூச்சு நின்ற மாதிரி' என்றுகூட வருகிறது, கடவுளே, வடபழனி வரி, இத்தனை வருஷம் எழுதி என் அண்ணனுக்குக் கொடுக்க இதைவிட நல்லதாக ஒன்று எனக்கு வரவில்லை... அவன் தலையை ஆட்டிக் கேட்கிறான். பிறகு சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டுகிறான், நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போடுகிறான். "எந்த வரிடா அது? வெரல வெச்சிக் காட்டு. நானே ஒரு தடவ கூட்டிப் பாக்குறேன், மெதுவா." டிவியில் தொடர் மறுபடி ஆரம்பித்துவிட்டது, யாரும் பார்க்கவில்லை. இந்தப் பக்கத்தில் ஒரு சொல் அதிகமில்லை, ஒரு சொல் குறைவில்லை என்று ஒரு மதிப்புரைக்காரர் எழுதியதை வெட்டி வைத்திருக்கிறேன். மேலிருந்து கீழ்வரை பார்க்கிறேன், எண்ணெய், சைரன், சிரிக்கிற ஜனங்கள், அவன் எனக்குச் செய்த ஒரு காரியத்துக்கு எங்கேயும் இடம் விடவில்லை, விரலை எங்கே வைக்க, எங்கே வைத்தாலும் இவன் ஒவ்வொரு எழுத்தாகப் போய்ச் சேர்ந்துவிடுவானே, பொறுமைசாலி...