பூசைக்கு வாங்கிய திராட்சை

என் வீட்டுக்காரர் அருள்பிரகாஷை எந்தக் கடைக்கு அனுப்பினாலும் பொருள் வருகிறதோ இல்லையோ, விலையைக் குறைத்த கதை வந்துவிடும். எங்கள் கல்யாணத்துக்கு இருபத்தைந்து வருஷம் நிறைகிற நாளில் வில்லியனூர் மாதா கோயிலில் ஒரு பூசை, பிறகு சொந்தக்காரர்களுக்கு வீட்டில் சாப்பாடு, கூடவே என் கையால் போட்ட வைன். இவ்வளவுதான் நான் கேட்டது. பீடத்தில் நின்று ஃபாதர் எங்கள் இரண்டு பெயரையும் சேர்த்து வாசிப்பதைக் கேட்க வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாள் ஆசை. ஆளுக்கு முந்திப் போய் அந்தப் பூசைக்கு எங்கள் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டேன்.

வைனுக்கு என்ன பெரிய சாமான்? பன்னீர் திராட்சை, சர்க்கரை, கொஞ்சம் கோதுமை, பட்டை, கிராம்பு, ஈஸ்ட். திராட்சை தவிர மற்றதெல்லாம் நாங்கள் இருக்கும் சாரம் பகுதியில் தெருமுனைக் கடையிலேயே கிடைக்கும். இவர் கேட்டால்தானே. தவளக்குப்பத்தில் கிராம்பு மலிவு என்று யாரோ சொன்னார்களாம். ஒரு கைப்பிடி கிராம்புக்காக அவ்வளவு தூரம் வண்டியை விரட்டிக்கொண்டு போனார். பெட்ரோல் செலவைக் கேட்டால், அது எப்படியும் ஓடுகிற வண்டிதானே என்றார். ஈஸ்ட்டைத் தெரிந்த பேக்கரியில் ஓசியில் வாங்கி வந்தார். வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டுப் பார்த்தேன், பேருக்குக்கூட நுரை கட்டவில்லை. தலையில் அடித்துக்கொண்டு நானே போய்ப் புதிதாக வாங்கினேன்.

ஆனால் பெரிய மார்க்கெட்டிலிருந்து ஒரு பெட்டி திராட்சை கொண்டுவந்தார் பாருங்கள், அடிவரை கிளறிப் பார்த்தேன். ஒரு பழம் நசுங்கவில்லை. அவர் சொன்ன விலைக்கு அதன் காம்புகூடக் கிடைக்காது. எந்தக் கடை என்று கேட்டதற்கு, நீ வந்தால் முகத்தைப் பார்த்தே விலையை ஏற்றிவிடுவார்கள் என்று மழுப்பினார். துருவ எனக்கும் நேரமில்லை. பழத்தைக் கழுவித் துடைத்து ஜாடியில் போட்டு, தினமும் கிளறிவிட்டு, பிறகு வடிகட்டிப் பாட்டிலில் ஊற்றினேன். நிறமும் மணமும் அவ்வளவு அருமையாக வந்திருந்தன. இவருடைய சிக்கனத்தைப் பற்றி வாய் தவறி நாலு நல்ல வார்த்தைகூடச் சொல்லித் தொலைத்தேன்.

பூசை நெருங்கிய வாரம் பூ வாங்க மார்க்கெட்டுக்குப் போனேன். கையில் திருவிழாவுக்குக் கோயிலில் கொடுத்த துணிப்பை, மாதா படம் போட்டது. பழக்கடைக்காரம்மா ஒருவர் அந்தப் பையைப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டார். இதே பையோடு வந்து திராட்சை வாங்கிய ஐயாவுக்கு நான் என்ன வேண்டும் என்று கேட்டார். அவர் மனைவிதான் என்றேன். தன் பெயர் தையல்நாயகி என்று சொல்லி, ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

"பூசைக்கு வைன் போட்டாச்சாம்மா? என் மருமவ சிவசங்கரிக்கு ரெண்டு தடவ தங்கல. இப்ப முழுவாம இருக்கா. வில்லியனூர் மாதாவுக்கு எதுனா செய்யணும்னு வேண்டிக்கினு இருந்தேன். அன்னிக்குன்னு பாத்து ஐயா வந்து, கோயில் பூசைக்குத்தான் திராட்சைன்னாரு. மாதாவே அனுப்புன மாரி இருந்துச்சு. நல்லதா பொறுக்கி, ஐயா கேட்ட வெலைக்கே குடுத்தேன்."

அந்தத் திராட்சை எங்கள் வீட்டு விருந்து வைனுக்கல்லவா போயிருந்தது. பர்ஸைத் திறந்து இருந்ததை எல்லாம் நீட்டினேன். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, மேற்கொண்டு காசு வாங்கினால் வேண்டுதல் என்ன ஆவது என்று கேட்டார். என்றைக்குப் பூசை, மருமகளையும் கூட்டி வருகிறேன் என்றார். எங்கள் பூசை நாளைச் சொன்னேன். வேறு எந்த நாளைச் சொல்வது?

வீட்டுக்கு வந்து இவரை ஒரு பிடி பிடித்தேன். வியாபாரத்தில் ஒரு பேச்சுக்குச் சொல்வதுதான், அந்தம்மா இவ்வளவு நம்பும் என்று யார் கண்டது என்றார். பாட்டில்களைத் தூக்கிக்கொண்டு ஃபாதரிடம் போனேன். சர்க்கரையும் கிராம்பும் போட்ட வைனைப் பீடத்தில் வைக்க முடியாது, பூசைக்கான வைன் தனியாக வருகிறது என்று சொல்லிவிட்டார். நாங்களும் குடிக்க முடியாது, கோயிலிலும் கொடுக்க முடியாது. மலிவாக வாங்கிய லட்சணம் இது.

அங்கேயே நின்று யோசித்துவிட்டு, பூசையில் எங்கள் பெயரை எடுத்துவிட்டுச் சிவசங்கரி பெயரை எழுதச் சொன்னேன். இரண்டையும் சேர்த்தே வாசிக்கலாமே என்றார் ஃபாதர். எனக்கு மனசு கேட்கவில்லை. அந்தம்மா மாதாவுக்குக் கொடுத்ததில் ஏற்கெனவே கை வைத்தாயிற்று, இதிலுமா பங்கு? வீட்டுக்கு வந்து இவரிடம் எதுவும் சொல்லவில்லை.

பூசை அன்று பட்டுப்புடவை கட்டிக்கொண்டு முன்வரிசையில் நின்றேன். இவர் புதுச் சட்டையில் விறைப்பாக நின்றார். சிவசங்கரிக்கும் அவர் வயிற்றில் வளரும் குழந்தைக்கும் நல்ல சுகம் வேண்டி இந்தத் திருப்பலி என்று ஃபாதர் வாசித்தார். அதோடு நிறுத்திக்கொண்டார். நானே கேட்டு வாங்கியதுதான், ஆனாலும் அடுத்து எங்கள் பெயர் வருமா என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன்.

இவர் என் பக்கம் சாய்ந்தார். "நம்ம பேர விட்டுட்டாரே லினெட்?"

"திராட்சைக்கு அதத்தாங்க வெலையா குடுத்தேன்."

அவர் திரும்பிப் பார்த்தார். கடைசி வரிசையில் தையல்நாயகி இரண்டு கைகளையும் தலைக்கு மேல் குவித்து நின்றிருந்தார். பக்கத்தில் மருமகள் வயிற்றைப் பிடித்தபடி, எங்கே உட்காருவது என்று தெரியாமல் தவித்துக்கொண்டிருந்தாள். இவர் பின்னால் போய் அவளைக் கூட்டிவந்து தன் இடத்தில் உட்கார வைத்துவிட்டு, பூசை முடியும்வரை வாசல் ஓரம் நின்றார். விலை அதிகம் என்று அன்றைக்கு அவர் சொல்லவில்லை.