உறை மாட்டிய இடது கை

ஜெயபாலனுக்குப் பக்கவாதம் வேலையிடத்தில்தான் வந்தது. மலேசியாவின் பாசிர் கூடாங் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர் அவர். நல்லவேளையாக அந்த நேரத்தில் மேலே இல்லை. கீழே கேண்டீனில் தே தாரிக் டீ குடித்துக்கொண்டிருந்தார். கையிலிருந்து கிளாஸ் நழுவியது. எடுக்கக் குனிந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். உயிர் தப்பியது. பேச்சு கொஞ்சம் குழறலோடு திரும்பியது. வலது காலை இழுத்து இழுத்து நடக்கவும் தேறிவிட்டார். வலது கைதான் மடியில் போட்ட ஈரத்துணி போலக் கிடந்தது.

ஆஸ்பத்திரியில் அப்போது ஓர் ஆராய்ச்சி நடந்துகொண்டிருந்தது. நல்ல கையை உறை மாட்டி முடக்கிவிட்டால், விழுந்த கை வேறு வழியில்லாமல் வேலை செய்யப் பழகும் என்பது ஏற்கெனவே தெரிந்த சிகிச்சைதான். அதை ஆஸ்பத்திரியில் வைத்துச் செய்யாமல், வீட்டில் குடும்பத்தார் மேற்பார்வையிலேயே செய்ய முடியுமா என்பதுதான் கேள்வி. நோயாளிகளில் பாதிப் பேருக்கு உறை, மீதிப் பேருக்கு வழக்கமான பயிற்சி. யாருக்கு எது என்பதைக் கம்ப்யூட்டர் சொல்லும். ஜெயபாலனுக்கு உறை வந்தது.

"எனக்கு லாட்டரி அடிச்சிருச்சு லா," என்று அன்று சாயங்காலம் சிங்கப்பூர் வேலை முடிந்து வந்த மகன் ஜீவனிடம் சொன்னார். பல நாளைக்குப் பிறகு அவர் சிரித்ததை மனைவி யோகேஸ்வரி அன்றுதான் பார்த்தாள்.

பிரவீனா என்ற பிசியோ பெண்தான் வீட்டுக்கு வந்து எல்லாம் சொல்லிக் கொடுத்தாள். குளிக்கும்போதும் நடக்கும்போதும் உறையைக் கழற்றிவிடலாம். உட்கார்ந்திருக்கும் நேரமெல்லாம் மாட்டியிருக்க வேண்டும். யோகேஸ்வரியைத் தனியாகச் சமையலறைக்கு அழைத்து, "ஆன்ட்டி, உங்களுக்குத்தான் கஷ்டம். அவங்க தடுமாறுறத பாத்து ஓடிப் போய் உதவக் கூடாது. உதவிட்டீங்கன்னா கை கத்துக்காது," என்றாள்.

கேட்கும்போது சுலபமாகத்தான் இருந்தது. முதல் நாள் மீ கோரேங் நூடுல்ஸ் தட்டை முன்னால் வைத்தபோது தெரிந்தது. கரண்டி வாய்க்குப் போவதற்குள் சட்டையெல்லாம் சிந்தியது. முப்பது டன் கண்டெய்னரைக் கப்பலில் அலுங்காமல் இறக்கிய மனிதர், ஒரு வாய் மீக்குப் போராடி வியர்த்துப் போனார். அவள் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"ஊட்டி விடு."

"கூடாதுங்க. பிரவீனா சொல்லியிருக்கா."

"நீ பொண்டாட்டியா, ஜெயில் வார்டனா?"

தட்டை அவர் தள்ளிவிட்டார். அவள் கூட்டிப் பெருக்கி, இன்னொரு தட்டு போட்டு வைத்தாள். இப்படியே போயிற்று. சில நாள் அவர் திட்டுவார். சில நாள் வாயே திறக்கமாட்டார்; அதுதான் இன்னும் மோசம். ஆனால் கை மெல்ல மெல்லத் திரும்பியது. விரல்கள் மடங்கின. துணி மாட்டும் கிளிப்பை அழுத்தித் திறந்தார். பிரவீனா அதை வீடியோ எடுத்துக்கொண்டு போனாள்.

ஒரு நாள் அவராகவே சொன்னார்: "மாத்திரைய நானே எடுத்துக்கிறேன். அதுவும் பயிற்சிதானே."

இரத்தக் கொதிப்புக்கு ஒன்று, இரத்தம் உறையாமலிருக்க ஒன்று, கொழுப்புக்கு ஒன்று. அட்டையை மடியில் வைத்து, வலது கட்டைவிரலால் பிதுக்கி எடுக்க வேண்டும். முதல் முறை பிரவீனாவின் முன்னாலேயே செய்து காட்டினார். அவள் கைதட்டி, அதையும் வீடியோ எடுத்துக்கொண்டாள். அதன் பிறகு யோகேஸ்வரி பக்கத்தில் நின்றால் அவருக்குப் பிடிக்கவில்லை. "நீ பாத்துக்கிட்டு நின்னா வெரல் நடுங்குது. உள்ள போ," என்பார். அவளும் தண்ணீரை வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போய்விடுவாள். திரும்பி வரும்போது அட்டையில் குழிகள் காலியாக இருக்கும். கிளாஸில் தண்ணீர் குறைந்திருக்கும். மனிதர் தலை நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார்.

மழை பிடித்துக்கொண்ட ஒரு காலையில், குளித்துவிட்டு வந்தவர் சட்டைப் பித்தானைப் போடும்போது கட்டிலில் சரிந்தார். இந்த முறை வாய் கோணி, பேச்சு அடியோடு போய்விட்டது. ஆஸ்பத்திரியில் டாக்டர், இரத்தக் கொதிப்பு தாறுமாறாக ஏறியிருக்கிறது என்றார்.

"மருந்து ஒழுங்கா எடுத்தாரா?"

"ஒரு வேளை கூட விட்டதில்ல டாக்டர்," என்றாள் யோகேஸ்வரி. கோயிலில் வைத்துக் கேட்டாலும் அதையேதான் சொல்லியிருப்பாள்.

அவரை வீட்டுக்குக் கொண்டுவரப் பெரிய கட்டில் வேண்டும் என்றார்கள். ஹாலில் இடம் பண்ண ஜீவனும் அவளும் சோபாவை நகர்த்தினார்கள். அதைச் சாய்த்தபோது உள்ளிருந்து ஏதோ உருளும் சத்தம் கேட்டது. மெத்தையைத் தூக்கினாள். அடியிலும் இடுக்கிலும் மாத்திரைகள். வெள்ளை, இளஞ்சிவப்பு, மஞ்சள். சில முழுசாக, சில ஈரம்பட்டு ஊதி, துணியோடு ஒட்டிக்கொண்டு.

ஜீவன் புரியாமல் நின்றான். அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. அட்டையிலிருந்து பிதுக்க அந்த விரலுக்குத் தெரிந்தது. பிடித்து வாய்க்குக் கொண்டுபோகத் தெரியவில்லை. நழுவி விழுந்ததைப் பொறுக்க உறை மாட்டிய கை உதவவில்லை. கூப்பிட்டால் அவள் ஓடி வந்திருப்பாள். கூப்பிட மனம் வராமல், உறையாலேயே இடுக்கில் தள்ளிவிட்டு, தண்ணீரை மட்டும் குடித்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார்.

மறுநாள் வார்டில் யாரும் பக்கத்தில் இல்லாதபோது அவர் காதருகே குனிந்தாள்.

"சோபாவ நகத்தினோம்ங்க."

ஜெயபாலனின் கண் அசையாமல் நின்றது. பிறகு நிறைந்து வழிந்தது. இடது கையால் அவள் மணிக்கட்டைப் பற்றினார். தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினார். வேண்டாம், யாரிடமும் சொல்லாதே. பேச்சில்லாமலே தெளிவாகக் கேட்டது.

"சொல்லல," என்றாள். அவளுக்கும் சொல்ல மனமில்லை. கட்டின பெண்டாட்டி இதைக்கூடப் பார்க்காமல் என்ன செய்தாள் என்றுதானே கேட்பார்கள்.

அந்த நேரத்தில்தான் பிரவீனா வந்தாள். முகம் வாடியிருந்தது. "மேல விசாரிக்கிறாங்க ஆன்ட்டி. உறையால ஏதாச்சும் ஆயிருக்குமான்னு. மருந்துல கோளாறு இல்லன்னு சொல்லிட்டேன். அங்கிள் மாதிரி ஒழுங்கா சாப்பிட்டவங்க யாரும் இல்ல." கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "அவங்களோட வீடியோவ காட்டித்தான் மத்தவங்களுக்கும் இந்தப் பயிற்சியையே குடுத்திருக்கேன். எல்லாரும் இப்ப மாத்திரைய அவங்களேதான் எடுக்கிறாங்க."

மணிக்கட்டில் ஜெயபாலனின் பிடி இறுகியது.

யோகேஸ்வரி அவரைப் பார்க்கவில்லை. பார்த்தால் சொல்ல முடியாது என்று அவளுக்குத் தெரியும். யாரோ சில வீடுகளில், யாரோ சில பெண்கள் தண்ணீரை வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போய்க்கொண்டிருப்பார்கள்.

"அவரு சாப்பிடலம்மா."

"என்ன ஆன்ட்டி?"

"பாதிக்கு மேல கீழ விழுந்திருச்சு. எடுக்க முடியல. வெளிய சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு சோபாவுல ஒளிச்சு வச்சிருக்காரு. நேத்துதான் பாத்தேன். மத்தவங்களையும் போய்ப் பாருங்க. அவங்க சொல்றத கேக்காதீங்க. சோபாவ தூக்கிப் பாருங்க."

பிரவீனா கைபேசியை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்கு ஓடினாள். யோகேஸ்வரியின் மணிக்கட்டைப் பிடித்திருந்த கை தளர்ந்தது. ஒவ்வொரு விரலாக விலகிப் போர்வைக்கு மேல் விழுந்தது. ஜெயபாலன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

ஆராய்ச்சியைக் கொஞ்ச காலம் நிறுத்தி வைத்தார்கள். மறுபடி தொடங்கியபோது, மாத்திரையைக் குடும்பத்தார்தான் வாயில் போட வேண்டும், விழுங்குவதையும் பார்க்க வேண்டும் என்று விதி மாறியிருந்தது. வேறு சில வீடுகளிலும் இதே கதைதான் என்று பிரவீனா வந்து சொன்னாள். யோங் பெங் ஊரில் கிருஷ்ணம்மா என்ற அம்மாள் மாத்திரைகளைத் தலையணை உறைக்குள் போட்டு வைத்திருந்தாளாம். நல்லவேளை, எதுவும் ஆவதற்கு முன்னே பார்த்துவிட்டார்கள். சொல்லிக்கொண்டே வந்த பிரவீனா அழுதுவிட்டாள். தன்மேல்தான் தப்பு என்றாள். யோகேஸ்வரிக்கு அவளைத் தேற்றவும் தெம்பில்லை, திட்டவும் தெம்பில்லை.

பெர்மாஸ் ஜெயாவில் அவர்கள் வீட்டு ஹாலில், சோபா இருந்த இடத்தில் இப்போது கட்டில். ஜெயபாலன் எழுந்திருக்கவில்லை. தேறி வந்த விரல்களும் மறுபடி இறுகி உள்ளே மடங்கிவிட்டன. ஜீவன் பக்கத்தில் உட்கார்ந்தால் அவன் முகத்தைப் பார்ப்பார். அவள் வந்தால் கண்ணை மூடிக்கொள்வார்.

ஒரு மத்தியானம் யோங் பெங்கிலிருந்து ஃபோன் வந்தது. கிருஷ்ணம்மாவேதான். நம்பரை பிரவீனாவிடம் கெஞ்சி வாங்கினாளாம். நாக்குத் தடித்த பேச்சு. "உங்க வீட்டுக்காரர்கிட்ட ஒரு வார்த்த பேசணும்மா."

யோகேஸ்வரி ஃபோனை அவர் காதில் வைத்தாள். அந்த அம்மாள் என்ன சொன்னாள் என்று இவளுக்குச் சரியாகக் கேட்கவில்லை. "எனக்கும் வெக்கமாத்தான் இருந்துச்சு தம்பி," என்பது மட்டும் காதில் விழுந்தது. ஜெயபாலன் அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தார். பேச்சு நின்ற பிறகும் வெகுநேரம் ஃபோனிலிருந்து காதை எடுக்கவில்லை.

சாயங்காலம் மாத்திரையைப் பொடி செய்து, கஞ்சியில் குழைத்துக் கொண்டுபோனாள். அவர் கண்ணை மூடியேதான் இருந்தார். கரண்டி உதட்டில் பட்டதும் வாயைத் திறந்தார். அவள் ஊட்டினாள். அவர் விழுங்கும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அடுத்த கரண்டியை எடுத்தாள்.