மூசோனிக் கரையில் கண்ட பூ

பகலில் மருந்துக்கடையில் வேலை செய்யும் ரைஹானா, செவ்வாய் மாலைகளில் தாவர வகுப்புக்குப் போய் வந்தாள். டோர்செட் பார்க் குடியிருப்பில் பக்கத்துக் கட்டடத்தில் இருக்கும், அதே வகுப்பில் படிக்கும் யதுஷாதான் காரில் கூட்டிப் போவாள்.

யூலையில் வகுப்பு முழுவதும் ரயிலேறி வடக்கே மூசோனி ஊருக்குப் போய், அங்கிருந்து படகில் ஜேம்ஸ் விரிகுடாவின் உப்புச் சதுப்புக்குப் போனது. அங்கே கோரைகளுக்கிடையில், விரல் உயரத் தண்டின் நுனியில் வெளிர் ஊதாப் பூக்களை ரைஹானா கண்டாள். முழங்காலில் நின்று அளந்தாள். பூ ஆறு மில்லிமீற்றர். பூவடிச் செதில்கள் கீழே சிறு பைபோலப் புடைத்திருந்தன. ‘கிரீன்லாந்து ப்ரிம்ரோஸ்’ என்று கொப்பியில் எழுதினாள். அந்தக் கரையில் கண்ட செடிகளின் பட்டியலில் அது இன்னும் ஏறவில்லை. ஏறினால், முதலில் கண்டவரின் பெயரோடு ஏறும். தன் பெயர் ஒரு சரியான விடைக்குப் பக்கத்தில் வர வேண்டுமென்று அவளுக்கு ஒரே ஆசை. இருந்தும் சந்தேகம் வந்து, திரும்பி வரும் ரயிலில் கொப்பியை யதுஷாவிடம் நீட்டினாள்.

“சும்மா எல்லா இடமும் முளைக்கிற ப்ரிம்ரோஸ் இது, புள்ள. கிரீன்லாந்தாம்! உனக்கு எப்பவும் பெரிய கனவு.”

ரைஹானாவும் சிரித்தாள். வகுப்பின் விதிப்படி ஒரே கோட்டால் பூவின் பெயரை வெட்டி, திகதியும் கையெழுத்தும் போட்டு, ‘யதுஷா சொன்னபடி’ என்றும் எழுதினாள்.

செப்ரெம்பரில் யதுஷா வகுப்பின் முன்னுக்கு நின்று திரையில் காட்டியது அதே பூ. அதே ஆறு மில்லிமீற்றர், அதே பைச்செதில்கள். கீழே ‘கிரீன்லாந்து ப்ரிம்ரோஸ், கண்டவர்: யதுஷா’ என்று இருந்தது. வகுப்பு கைதட்டியது.

ரைஹானா எழுந்து கொப்பியை வகுப்பெடுக்கும் அன்ரனெற்றின் மேசையில் வைத்தாள். அன்ரனெற் அந்தக் கோட்டையும் கையெழுத்தையும் இரண்டு தரம் வாசித்தாள். வெட்டிய பதிவைத் தன்னால் கணக்கில் எடுக்க முடியாது என்றாள்.

“நீதானே வெட்டினாய்” என்றாள் யதுஷா மெல்ல, தமிழில். “எனக்கும் அப்ப தெரியாது. வீட்ட வந்துதான் நான் அங்க எடுத்த படத்தைப் பெரிசாக்கிப் பாத்தன்.”

“பாத்த பிறகு? ஒவ்வொரு செவ்வாயும் உன்ட பக்கத்து சீற்றில இருந்தனே. ஒருக்கா சொல்லியிருக்கலாமே?”

யதுஷா கார்த் திறப்பைக் கையில் உருட்டினாள். “சொன்னா நீ திரும்பவும் சந்தேகப்பட்டு என்னட்டத்தான் கேப்பாய்.”

அது உண்மை என்பதுதான் ரைஹானாவை அதிகம் சுட்டது.

இரண்டு பெயரையும் சேர்த்துப் போடலாமா என்று அன்ரனெற் கேட்டாள்.

“வேண்டாம்” என்றாள் ரைஹானா. “அவட பேருக்குப் பக்கத்தில என்ட பேர் வேண்டாம்.” பிறகு அதையே ஆங்கிலத்தில் அன்ரனெற்றுக்குச் சொன்னாள்.

வெளியே மழை. யதுஷா கார்க் கதவைத் திறந்துவிட்டு ஹோர்ன் அடித்தாள். ரைஹானா பஸ் தரிப்பில் நின்றாள். தனியாக வீட்டுக்குப் போக எந்த நம்பர் பஸ் என்று அவளுக்கு இன்னும் தெரியாது.