அப்பாவின் கேசட்டும் புது பெல்ட்டும்

தம்பிக்கு அப்பாவின் குரல் தெரியாது. அவர் இறந்துபோனபோது இவன் தொட்டிலில் கிடந்தான். அக்கா அப்போது பள்ளிக்கூடம் போகிற பெண். அவளுக்கு நன்றாக நினைவிருக்கிறது. அவர் பேசிப் பதிவு செய்த ஒரே கேசட்டைப் புடவைகளுக்கு நடுவில் வைத்துக் காத்தாள். அவருடைய டேப் ரெக்கார்டர் அவர் போன கொஞ்ச நாளிலேயே நின்றுவிட்டது. வேறு மெஷினில் போட விடமாட்டாள். நாடாவைக் கடித்துத் துப்பிவிட்டால் யார் பொறுப்பு?

ஊரார் வீட்டு ஆம்ப்ளிஃபயரையெல்லாம் பிழைக்க வைக்கிற தம்பி, சொந்த வீட்டு வேலையை மட்டும் வருஷக்கணக்கில் தள்ளிப்போட்டான். பயம்தான், வேறென்ன. இந்த வாரம் துணிந்து திறந்தான். உள்ளே பழைய ரப்பர் பெல்ட் தார் மாதிரி உருகிக் கப்பியில் அப்பியிருந்தது. ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் துடைத்தெடுத்துப் புது பெல்ட் மாட்டினான். உம்மென்று இரைச்சல் போட்ட கண்டென்சரையும் மாற்றினான். டெஸ்ட் கேசட்டை ஓட்டி வேகத்தைச் சரிபார்த்துவிட்டு, மார்தட்டாத குறையாக அக்காவுக்கு போன் செய்தான்.

அக்கா கேசட்டோடு தம்பி வீட்டுக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். தம்பி பட்டனை அழுத்தினான்.

யாரோ கீச்சுக்குரலில் படபடவென்று பேசினார்கள். பின்னால் மறுபடியும் அந்த இரைச்சல்.

"இது அப்பா இல்லடா." அக்காவின் கண் நிறைந்துவிட்டது. "என்னடா பண்ணி வெச்ச?"

"மெஷின் சரியாத்தான் ஓடுதுக்கா. டெஸ்ட் பண்ணிட்டேன்."

"பெரிய டெஸ்ட்டு! அப்பாவ எலியாக்கிட்டு டெஸ்ட்டாம்!"

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்ததே என்று தம்பியின் முகம் சுண்டிவிட்டது. கேசட்டை நிறுத்தினான். இரைச்சலும் நின்றது. அப்படியானால் அது மெஷினில் இல்லை, நாடாவில் இருக்கிறது. அப்பா பேசிய அன்றே விழுந்த கரண்ட் இரைச்சல். கரண்டின் சுருதி என்றைக்கும் ஒன்றுதான். இதில் ஏன் ஏறிக் கேட்கிறது? தலையில் அடித்துக்கொண்டான். அன்றைக்கே பெல்ட் தளர்ந்திருக்கிறது. மெதுவாக ஓடிய மெஷினில் பேசியதைச் சரியான வேகத்தில் ஓட்டினால் பறக்காமல் என்ன செய்யும்?

மேஜையில் அதே கரண்டில் உறுமிக்கொண்டிருந்த டிரான்ஸ்பார்மரை அருகே இழுத்தான். கேசட்டை மறுபடி ஓட விட்டான். மோட்டாரின் பின்துளையில், வேகத்தை மாற்றும் திருகில் குட்டி ஸ்க்ரூடிரைவரை நுழைத்து, ஒரு காதை டிரான்ஸ்பார்மருக்கும் மறு காதை ஸ்பீக்கருக்கும் கொடுத்து, மயிரிழை மயிரிழையாகத் திருப்பினான். வேகம் குறையக் குறைய இரண்டு இரைச்சலும் நெருங்கிவந்து ஒன்றாயின.

அக்கா நிமிர்ந்தாள். "அப்படியே விடுடா. கைய எடு."

தம்பி நாடாவை முதலிலிருந்து ஓட்டினான். ஒரு மனிதர் நிதானமாகப் பேசினார். "இது பதியுதா இல்லையான்னு தெரியல. சிவப்பு லைட்டு எரியுது. சரி, பாப்போம்." இருமினார். "தொண்டை காஞ்சு போச்சு. ஏம்மா, குடிக்கக் கொஞ்சம் தண்ணி கொண்டா."

இவ்வளவு நாள் ஏங்கிய குரல் இதுதானா என்று தம்பியால் நம்ப முடியவில்லை.

அடுப்படியிலிருந்து அவன் மனைவி செம்போடு வந்தாள். "நாலடி எழுந்து வர முடியாதா? உக்காந்த இடத்துலேர்ந்தே அதிகாரம்! இந்தாங்க, தண்ணி."

"நான் கேக்கலயே."

"உங்க குரல் எனக்குத் தெரியாதாக்கும்?"

அக்காதான் எழுந்து, இரண்டு கையாலும் செம்பை வாங்கிக்கொண்டாள்.

"கேட்டது உன் மாமனாரும்மா," என்றாள்.